பண மசோதாவா, சாதாரண மசோதாவா?

நகரி, சித்தூர் பக்கத்தில் இந்த வித்தியாசம் தெரிந்திருக்க வேண்டும். ஆந்திராவில் பேரவையோடு மேலவை என்ற இரண்டாவது அவையும் உண்டு, தமிழ்நாட்டில் இல்லை.

பண மசோதாவைப் பேரவையில்தான் கொண்டுவர முடியும். மேலவைக்கு 14 நாள். பரிந்துரை சொல்லலாம், பேரவை ஏற்க வேண்டியதில்லை. சாதாரண மசோதாவை மேலவை முதலில் 3 மாதம், மறுபடி 1 மாதம் இழுத்தடிக்கலாம், அவ்வளவுதான்.

எது பண மசோதா என்று சொல்லும் அரசியல் சட்டத்தின் 199வது பிரிவில் கறார் அதிகம். மாநில வரி, கடன், நிதி ஒதுக்கீடு, அவற்றை ஒட்டிய விஷயங்கள் மட்டுமே இருக்க வேண்டும். சம்பந்தமில்லாத ஒரு பிரிவைச் சொருகினால் தகுதி போச்சு. லைசென்ஸ் கட்டணம், அபராதம், நகராட்சி வீட்டு வரி இருப்பதாலேயே பண மசோதா ஆகிவிடாது. பலரும் சறுக்குவது இங்கேதான்.

ஒரு மசோதா பண மசோதாவா என்பதில் சபாநாயகர் முடிவே இறுதி என்கிறது அரசியல் சட்டம். நாடாளுமன்றத்துக்கும் அதே விதிதான். ஆனாலும் ஆதார் சட்டத்தைப் பண மசோதாவாக நிறைவேற்றியது பற்றிய கேள்வியும் எழுந்த வழக்கின் 2018 தீர்ப்பில், அந்த முடிவை நீதிமன்றம் ஆராயலாம் என்றது உச்ச நீதிமன்றம்.