மாருதியா, ஹூண்டாயா: மாத லாபத்தில் யார் கை ஓங்கியது?

எத்தனை வண்டி விற்றது என்பதைக் கார் நிறுவனங்கள் மாதப் பிறப்பன்றே சொல்லிவிடும். லாபத்தைப் பற்றி மட்டும் மூன்று மாதத்துக்கு ஒருமுறைதான் வாயைத் திறக்கும். ஆகவே மாத லாபம் என்று யார் அட்டவணை போட்டாலும், அது காலாண்டுக் கணக்கை மூன்றால் வகுத்த சராசரிதான். 2023-24 நிதியாண்டை அப்படி வகுத்துப் பார்த்தேன்.

மாருதி சுசூகியின் நிகர லாபம் 13,209 கோடி ரூபாய். மாதத்துக்குச் சுமார் 1,100 கோடி. ஆனால் அது சீராக வரவில்லை. ஏப்ரல்-ஜூனில் மாதம் 828 கோடி, அடுத்த காலாண்டில் 1,239 கோடி, தீபாவளி வந்த அக்டோபர்-டிசம்பரில் 1,043 கோடி, கடைசிக் காலாண்டில் 1,293 கோடி. பண்டிகைக் காலத்திலா லாபம் இறங்கும்? இறங்கும். ஷோரூமில் கூட்டம் இருந்தாலும், ஆண்டு முடிவதற்குள் கையிருப்பைக் கழிக்கத் தள்ளுபடியை அள்ளிவிடுவார்கள். நிறுவனம் அனுப்பிய வண்டிகளும் 5.52 லட்சத்திலிருந்து 5.01 லட்சமாகக் குறைந்தன.

இருங்காட்டுக்கோட்டையில் ஆலை வைத்திருக்கும் ஹூண்டாய்க்கு ஆண்டு லாபம் 6,060 கோடி. மாதம் 505 கோடி. மாருதியில் பாதிகூட இல்லை. ஆனால் விற்ற வண்டிகளால் வகுத்தால் கதை மாறுகிறது. 21.35 லட்சம் வண்டி விற்ற மாருதிக்கு வண்டிக்கு ஏறக்குறைய 62,000 ரூபாய், 7.78 லட்சம் விற்ற ஹூண்டாய்க்கு 78,000. கிரெட்டா போன்ற எஸ்யூவிகள் செய்யும் வேலை இது.

டாடா மோட்டார்ஸை இந்தப் பந்தியில் உட்கார வைப்பது வீண். அதன் ஒருங்கிணைந்த லாபத்தில் அப்போது ஜாகுவார் லேண்ட் ரோவரும் லாரிகளும் கலந்திருந்தன. அந்த ஆண்டின் கடைசிக் காலாண்டு லாபமான 17,407 கோடியில் ஒரு பெரும் பங்கு வரிக் கணக்குச் சரிக்கட்டலில் வந்தது. கார் விற்று வந்ததல்ல. மஹிந்திராவிலோ டிராக்டரும் சேர்ந்துவிடும்.

மாருதியின் லாபத்திலும் ஒரு சங்கதி உண்டு. முதலீடுகள் உள்ளிட்ட 'இதர வருமானம்' மட்டுமே ஆண்டுக்கு 3,000 கோடிக்கு மேல். ஹூண்டாய்க்கு அது 1,473 கோடி. கார் செய்து விற்கும் திறமையை மட்டும் எடைபோட்டால், என் ஓட்டு ஹூண்டாய்க்குத்தான்.

ஆனால் பங்கு வெளியீட்டுக்கு முன் 2024 மார்ச்சில் 10,782 கோடியைச் சிறப்பு ஈவுத்தொகையாகத் தாய் நிறுவனத்துக்கு அனுப்பிவிட்டது ஹூண்டாய். வட்டி தரும் பணம் கரைந்தது. உள்நாட்டு விற்பனையும் சற்றுத் தளர்ந்தது. 2024-25இல் அதன் மாதச் சராசரி 470 கோடியாக இறங்க, மாருதி 1,163 கோடிக்கு ஏறிவிட்டது.