பெட்ரோல் டேங்க் இறக்க ட்ரான்ஸ்மிஷன் ஜாக்: வாங்கலாம், ஆனால் மூன்று விஷயம் பார்த்து வாங்குங்கள்

பிக்கப் வண்டியின் டேங்கை வீட்டிலேயே கழற்ற நினைப்பவர்கள் முதலில் கவலைப்படுவது துருப்பிடித்த நட்டுகளைப் பற்றித்தான். என்னைக் கேட்டால், நட்டு கழன்ற பிறகு அந்த டேங்கை எது தாங்கப் போகிறது என்பதுதான் பெரிய கேள்வி. நான் இதற்காக வாங்கியது சக்கரம் வைத்த, உயரம் குறைந்த ட்ரான்ஸ்மிஷன் ஜாக், 450 கிலோ வரை தாங்கும் ரகம். கியர்பாக்ஸ் இறக்கச் செய்த பொருள்தான், டேங்க் வேலைக்கு அது எங்கே கைகொடுக்கிறது, எங்கே படுத்துகிறது என்பதை நீளமாகவே எழுதுகிறேன்.

எடையிலிருந்து ஆரம்பிக்கலாம். பெட்ரோல் ஒரு லிட்டர் ஏறக்குறைய முக்கால் கிலோ, டீசல் அதைவிடக் கொஞ்சம் அதிகம். 100 லிட்டர் டேங்க் நிறைய பெட்ரோல் இருந்தால் அதுவே 75 கிலோவுக்குப் பக்கம், டேங்கின் எடை தனி. கால்வாசிக்கும் கீழே குறைத்த பிறகுதான் கை வைக்க வேண்டும். அப்போதும் உள்ளே இருப்பது திரவம், டேங்க் கொஞ்சம் சாய்ந்தால் மொத்தமும் அந்தப் பக்கம் ஓடி இன்னும் சாய்க்கும். சாதாரண ஜாக் மேல் பலகை வைத்து இறக்குகிறவர்கள் நிறைய பேர், பலருக்கு நல்லபடியாகவே முடிகிறது, ஆனால் ஒரே புள்ளியில் நிற்கும் பலகை மேல் குலுங்கும் டேங்கை வைத்துவிட்டு அதன் கீழே படுத்திருப்பது எனக்குச் சரிப்படாது. ட்ரான்ஸ்மிஷன் ஜாக்கில் மேல்தட்டு அகலம், நாலு பக்கமும் திருகி சாய்மானத்தை மாற்றலாம், கட்டிப்போட சங்கிலியும் வருகிறது.

இந்த வேலையில் ஜாக் தன் மதிப்பைக் காட்டும் இடம் ஒன்றுதான், அது பாதி வழியில் நிற்பது. எரிபொருள் பம்ப், அதன் ஒயர் கனெக்டர், எரிபொருள் குழாய், ஆவி போகும் குழாய் எல்லாம் பெரும்பாலான வண்டிகளில் டேங்கின் தலைமேல் இருக்கும், டேங்க் மேலே இருக்கும்வரை கை நுழையாது. நிரப்பும் வாயின் ஹோஸை முதலில் விடுவித்து, டேங்கைத் தாங்கிப் பிடிக்கும் இரண்டு பட்டைகளையும் கழற்றி, ஒரு சாண் அளவு இறக்கி நிறுத்த வேண்டும். அந்த இடைவெளியில்தான் எல்லா இணைப்பும் கழற்றுவது. ஒரேயடியாக இறக்கினால் ஒயரோ பிளாஸ்டிக் குழாயோ பிய்ந்துவிடும். இந்த ஜாக் அந்த நடு உயரத்தில் அசையாமல் நிற்கிறது, நான் பக்கத்திலேயே மரக்கட்டையும் அடுக்கி வைப்பேன், ஹைட்ராலிக்கை மட்டும் நம்பிப் படுப்பதில்லை. அதே நேரத்தில் டேங்க் தலையில் படிந்திருக்கும் மண்ணை பிரஷ் போட்டு எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் பம்பைத் தூக்கும்போது அத்தனையும் உள்ளே கொட்டும்.

இப்போது குறைகள். முதலாவது இறக்கும் வால்வு. நான் வாங்கியதில் அது கால் சுற்றுக்குள்ளேயே சட்டென்று திறக்கிறது, மெதுவாக இறக்க விரல் நுனியில் பழக வேண்டியிருக்கிறது. கனமான கியர்பாக்ஸுக்கே இது நல்லதில்லை, திரவம் ஆடும் டேங்குக்குச் சொல்லவே வேண்டாம். வாங்கும் முன் கொஞ்சம் எடையை ஏற்றி இறக்கிப் பாருங்கள், நூல் பிடித்தமாதிரி இறங்கினால் மட்டும் எடுங்கள். இரண்டாவது, ஜாக்கின் சொந்த உயரம். முழுக்கத் தாழ்த்தினாலும் இது தரையிலிருந்து 20 சென்டிமீட்டர் நிற்கிறது. அதன்மேல் டேங்கின் உயரம், அதற்கும் மேல் சேசிஸ் இடிக்காமல் வெளியே இழுக்க இடம், இவ்வளவையும் கூட்டினால் வண்டியின் பின்பக்கத்தை நினைத்ததைவிட அதிகம் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்த வேண்டிவரும். அவ்வளவு தூக்கக் கூடாது என்றால் கீழே இறக்கியபின் டேங்கை ஜாக்கிலிருந்து தரையில் விரித்த பலகைக்கு நகர்த்தி இழுக்கலாம், அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். மூன்றாவது மேல்தட்டு. பிக்கப் டேங்க் நீளமானது, தட்டு அதில் பாதிகூடத் தாங்காது, ஓரங்களில் இருக்கும் இரும்புக் கொக்கிகள் பிளாஸ்டிக் டேங்கைக் கீறும். நான் கொக்கிகளைக் கழற்றிவிட்டு கெட்டியான பிளைவுட் ஒன்றை போல்ட் போட்டு இறுக்கி, மேலே ரப்பர் விரிப்பு போட்டேன். அதன்பிறகு குறையே இல்லை. இதைக் கம்பெனியே செய்து தரலாம்.

ஜாக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் தீயிலிருந்து அது காப்பாற்றாது. பெட்ரோல் சுமார் மைனஸ் 40 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும், அந்த ஆவி காற்றைவிடக் கனம், தரையோடு ஊர்ந்து போகும், நாமும் ஜாக்கும் இருப்பது அதே தரையில். காலியான டேங்க் நிறைந்ததைவிட ஆபத்து, உள்ளே ஆவியும் காற்றும் கலந்திருக்கும். திறந்த வெளியில் செய்யுங்கள், பேட்டரியின் நெகட்டிவை எடுத்துவிடுங்கள், கண்ணாடி பல்பு விளக்கு வேண்டாம், எல்இடி போதும், பெட்ரோல் தீக்கான அணைப்பான் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கட்டும். பேட்டரியை எடுப்பதற்கு முன் பம்ப் ரிலேயை (பம்புக்கு மின்சாரம் விடும் சுவிட்ச்) பிடுங்கி எஞ்சினை ஓடவிட்டு அதுவாக நிற்கவிட்டால் குழாய் அழுத்தம் பெருமளவு இறங்கிவிடும், அப்படியும் கண்ணுக்குக் கண்ணாடி போடாமல் குழாயைக் கழற்றாதீர்கள்.

சரி, திரும்ப மாட்டும்போது? இறக்குவதைவிட ஏற்றுவதில்தான் இந்த ஜாக் எனக்கு அதிகம் பிடித்தது. மறுபடி அதே ஒரு சாண் உயரத்தில் நிறுத்தி, குழாய்களை ‘கிளிக்’ சத்தம் வரும்வரை அழுத்தி, ஒருமுறை இழுத்துப் பார்த்து, சாய்மானத் திருகை மாற்றிமாற்றி நிரப்பும் வாய் நேராக வரும்படி ஏற்றலாம். தோளால் முட்டிக்கொடுத்து, ஒரு கையால் போல்ட் தேடும் அவஸ்தை இல்லை.

யாருக்கு வேண்டாம் என்றும் சொல்லிவிடுகிறேன். பம்பை மட்டும் மாற்ற வேண்டும், லோடு பாடியின் போல்ட்டுகள் துருவில்லாமல் இருக்கின்றன, தூக்க நாலு பேர் இருக்கிறார்கள் என்றால், பாடியைத் தூக்கி மேலிருந்தே பம்பை எடுப்பது பல வண்டிகளில் சுலபம், ஜாக்கே தேவையில்லை. டேங்கே ஒழுகினாலோ பட்டைகள் அரித்துப் போயிருந்தாலோ கீழே இறக்குவது தவிர வழியில்லை. ஒரே ஒரு தடவைதான் என்றால் வாடகைக்கோ தெரிந்தவரிடமோ வாங்கிக்கொள்ளுங்கள். கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் என்று அடிக்கடி வண்டிக்கு அடியில் போகிறவர் என்றால் சொந்தமாகவே எடுங்கள், முதல் வேலையாக அந்தப் பிளைவுட்டைப் பொருத்திவிடுங்கள்.