மூளை ஸ்கேனுக்கு ஒரே அளவுகோல்: மூன்று வழிகளில் எது?

அல்சைமர் நோயாளியின் மூளையில், நினைவுகளைப் பதியவைக்கும் ஹிப்போகாம்பஸ் பகுதி ஆண்டுக்குச் சுமார் 4 முதல் 5 சதவீதம் சுருங்குகிறது. நலமாக மூப்படைபவருக்கு 1 முதல் 1.5 சதவீதம். இந்தச் சிறு இடைவெளிக்குள்தான் ஒரு மருந்து சுருக்கத்தைத் தடுக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஆனால் ஒரே ஆளை இரண்டு ஊர்களில் எம்.ஆர்.ஐ. எடுத்தால், இயந்திரங்களுக்கு இடையிலான வேறுபாடே அந்த இடைவெளியை விழுங்கிவிடக்கூடும். ஆளுக்கொரு முழத்தால் துணி அளப்பதைப் போன்றது அது.

பிரிட்டனின் பெரிய உடல்நல ஆய்வான யூ.கே. பயோபேங்க் 2014இல் ஸ்கேன் பணியைத் தொடங்கி, எல்லா மையங்களிலும் ஒரே மாடல் சீமென்ஸ் இயந்திரத்தையே (காந்த வலிமை 3 டெஸ்லா) வைத்தது. இதைவிடச் சுத்தமான வழி இல்லை. ஆனால் அதற்கான பணமும் தனி மையங்களும் எல்லோருக்கும் வாய்க்காது. டிமென்ஷியா (மறதிநோய்) நோயாளிகள் வருவதோ, ஏற்கெனவே ஏதோ ஓர் இயந்திரம் இருக்கும் மருத்துவமனைகளுக்குத்தான்.

அமெரிக்காவிலும் கனடாவிலும் 2004இல் தொடங்கிய 'ஆட்னி' என்ற அல்சைமர் ஆய்வுத் திட்டம் அந்த மருத்துவமனைகளையே நம்பியது. ஜி.இ., சீமென்ஸ், பிலிப்ஸ் என எந்த நிறுவனத்தின் இயந்திரமானாலும் சரி. மேயோ கிளினிக்கின் கிளிஃபோர்ட் ஜாக் தலைமையிலான குழு ஒவ்வொன்றுக்கும் ஏற்ற ஸ்கேன் நெறிமுறையை வகுத்துக் கொடுத்தது. கூடவே ஒரு சோதனை உருண்டை. 20 செ.மீ. விட்டமுள்ள அதன் உள்ளே, மயில்துத்தக் கரைசல் நிரப்பிய 165 சிறு உருண்டைகள். ஒவ்வொன்றும் எங்கே இருக்கிறது என்பது முன்பே தெரியும். படத்தில் ஒன்று இடம் மாறித் தெரிந்தால், காந்தப்புலம் எங்கே, எவ்வளவு கோணுகிறது என்று கணக்கிட்டுத் திருத்தலாம்.

மூன்றாவது வழி, எடுத்து முடித்த பிறகு கணக்கால் சரிசெய்வது. மரபணு ஆய்வுக்காக 2007இல் வந்த 'காம்பாட்' முறையைப் பத்தாண்டு கழித்து மூளைப் படங்களுக்கும் கொண்டுவந்தார்கள். செலவே இல்லை, பழைய படங்களுக்கும் உதவும். ஆனால் ஒரு மையத்தில் நோயாளிகளே மிகுதி, இன்னொன்றில் நலமானவர்களே மிகுதி என்றால் எது இயந்திரத்தின் வேறுபாடு, எது நோயின் தடம் என்று பிரித்தறிவது அதற்குக் கடினம். இயந்திரத்தின் கறையோடு நோயின் தடத்தையும் சேர்த்துத் துடைத்துவிடக்கூடும். அது எனக்கு அச்சமூட்டுகிறது.

என் தேர்வு ஆட்னியின் வழி. காம்பாட் அதற்குத் துணையாக வரட்டும். ஒன்று மட்டும் விடாமல் செய்ய வேண்டும். ஆய்வின் நடுவே ஒரு மையம் இயந்திரத்தை மாற்றப்போகிறது என்றால், பழையதைக் கழற்றுவதற்கு முன் சில தன்னார்வலர்களையாவது இரண்டிலும் படுக்கவைத்துப் படம் எடுத்துவிட வேண்டும். பழையது போன பிறகு அந்த ஒப்பீட்டை எந்தக் கணக்காலும் மீட்க முடியாது.