பாம்பா, பட்டை வண்டியா?
மதுரை கீழமாசி வீதிப் பக்கம் ஒரு சந்துக்குள் பழைய காரைவீடு சரிந்தால், ஜேசிபி திரும்பக்கூட இடமிருக்காது. உள்ளே சிக்கியவர்களைத் தேட அங்கே எந்த ரோபோ உதவும்?

டாங்கி மாதிரி பட்டையில் ஓடும் குட்டி வண்டிகள் 2001-லேயே நியூயார்க் இரட்டைக் கோபுர இடிபாடுகளுக்குள் இறங்கின. கல்மேட்டில் ஏறும், கேமரா சுமக்கும். பொந்து குறுகினால் வாசலோடு சரி.

பாம்பு ரோபோ வேறு ரகம். 2017 மெக்சிகோ நிலநடுக்கத்துக்கு கார்னகி மெலன் பல்கலைக்கழகக் குழு கொண்டுபோனது சுமார் 5 சென்டிமீட்டர் தடிமன்தான். உடம்பெல்லாம் மூட்டு, மூட்டுக்கு மூட்டு மோட்டார், தலையில் கேமரா. வால் பக்கம் இழுபடும் வயர் கம்பியில் சிக்கினால் தலைவலி. அங்கே அது உயிரோடு யாரையும் கண்டுபிடிக்கவில்லை. நியூயார்க்கில் இறங்கிய பட்டை வண்டிகளுக்கும் அதே கதைதான்.

உத்தரம் சாய்ந்து, செங்கலும் சுண்ணாம்பும் குவிந்த நம்ம ஊர் வீட்டுக்குள் நான் பாம்பைத்தான் விடுவேன். அதற்கு முன்னால் மோப்பநாய் இடத்தைக் காட்டட்டும்.