"உங்கள் பிள்ளைக்கென்று தனி டாக்டர்" என்று பணம் கேட்டால் கட்டாதீர்கள்

காட்பாடி, சத்துவாச்சாரி, குடியாத்தம் பக்கம் பிள்ளைகளை வெளியூர் காலேஜில் சேர்த்திருப்பவர்கள் தயவுசெய்து படிக்கவும். "ஹாஸ்டலில் இருக்கும் உங்கள் பிள்ளைக்கு 24 மணி நேரமும் போனில் வேலூர் டாக்டர்" என்று ஒரு கம்பெனி வீடு வீடாக ஆள் பிடிக்கிறது. எங்கள் மகள் கோவையில் படிக்கிறாள். வருஷத்துக்கு 6,000 ரூபாய் கட்டினோம். அசாமிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் வைத்தியத்துக்கு ரயிலேறி வரும் ஊர் இது. அந்தப் பேரை வைத்தே நம்மிடம் காசு பிடுங்குகிறார்கள்.

மகளுக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதித்தது. கண்ணுக்குப் பின்னால் வலி, எழுந்து உட்கார முடியவில்லை. போனை யாரும் எடுக்கவில்லை, சாட்டில் வரச் சொல்லி மெசேஜ் மட்டும் வந்தது. ராத்திரி ஒரு மருந்துச்சீட்டு அனுப்பினார்கள். வீடியோவில் ஒருவரும் முகம் காட்டவில்லை, எத்தனை நாளாகக் காய்ச்சல் என்றுகூடக் கேட்கவில்லை. சீட்டில் ஒரு ஆன்டிபயாடிக், கூடவே டைக்ளோஃபெனாக் என்ற வலி மாத்திரை. டாக்டர் பேர் இருக்க வேண்டிய இடத்தில் "மெடிக்கல் டீம்" என்று போட்டிருந்தது.

எங்கள் தெரு மெடிக்கல் ஷாப் அண்ணனிடம் காட்டினேன். "இந்த டைக்ளோவை போடவேணாம்னு பாப்பாகிட்ட உடனே சொல்லுங்கம்மா. டெங்குவா இருந்தா ரத்தம் கசிய ஆரம்பிச்சிடும். முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போய் ரத்தம் டெஸ்ட் எடுக்கச் சொல்லுங்க" என்றார். ரூமில் கூட இருக்கும் பெண்தான் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனாள். டெங்கு. அட்மிட் செய்து பார்த்துக்கொண்டார்கள், இப்போது நன்றாக இருக்கிறாள். அந்த அண்ணனுக்கும் அந்தப் பெண்ணுக்கும் என்ன கைம்மாறு செய்வோம்!

பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஒரு கன்சல்டேஷன் முடிஞ்சிடுச்சு மேடம்" என்கிறார்கள். சீட்டு எழுதியவரின் பேரைக் கேட்டால் தர முடியாதாம். இதுதான் வயிற்றெரிச்சல். 2020 மார்ச்சில் வந்த தொலைமருத்துவ வழிகாட்டு நெறிமுறைப்படி டாக்டர் தன் பேரையும் படிப்பையும் சொல்லியாக வேண்டும். சீட்டிலும் ரசீதிலும் பதிவு எண் இருக்க வேண்டும். கம்ப்யூட்டர் சாட் தானாக மருந்து எழுதவே கூடாது.

பேரும் பதிவு எண்ணும் தராதவர்களிடம் ஒரு ரூபாய்கூடக் கட்டாதீர்கள். தந்தாலும் மருத்துவ கவுன்சில் பதிவேட்டில் தேடிப் பாருங்கள். போனில் ஆலோசனை கேட்க நம் 104 இருக்கிறது. அரசின் இ-சஞ்சீவனி ஆப்பில் டாக்டரையே வீடியோவில் பார்க்கலாம், காசு கிடையாது. பிள்ளைகளின் போனில் இன்றைக்கே போட்டுக் கொடுங்கள்.

தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் கொடுத்திருக்கிறேன். இதே கம்பெனியில் பணம் கட்டியவர்கள் ரசீதோடு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து வேலூர் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம்.