கூண்டுக்குள் தரையில் நடந்தது

மாசி மாதத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, தஞ்சாவூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்த தொழில்முறைக் கூண்டுச் சண்டைப் போட்டிக்கு 500 ரூபாய் டிக்கெட் எடுத்துப் போனேன். சுவரொட்டியில் எம்.எம்.ஏ. என்று போட்டிருந்தார்கள், அதாவது குத்து, உதை, மல்யுத்தப் பிடி எல்லாம் கலந்த சண்டை. மொத்தம் எட்டுச் சண்டைகள். சம்பா அறுவடை முடிந்து கையில் காசு புழங்கும் நேரம், மண்டபத்தில் இடமில்லை. நான் 31 வருடம் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியையாக இருந்தவள், மன்னார்குடிப் பக்கம் கபடி ஆடி வளர்ந்தவள். மூன்றாவது சண்டையில் இறங்கிய பெண் ஒன்பதாம் வகுப்பில் என்னிடம் கபடிக்கு வந்து சேர்ந்தவள். அவளுக்காகத்தான் போனேன்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். சண்டைக்காரர்களின் உயிரை இந்த அமைப்பாளர்கள் மதிக்கிறார்கள். ஒவ்வொருவரும் கூண்டுக்குள் ஏறும் முன் நகம் வெட்டியிருக்கிறதா, பல்லுறை மாட்டியிருக்கிறதா, உடம்பு எண்ணெய் இல்லாமல் இருக்கிறதா என்று தடவிப் பார்த்துத்தான் விட்டார்கள். கதவை ஒட்டியே மருத்துவர் உட்கார்ந்திருந்தார். வெளியே ஆம்புலன்ஸ், ஓட்டுநர் இருக்கையில் ஆளோடு நின்றது. இது சின்ன விஷயம் இல்லை. தொழில்முறைச் சண்டையில் தலைக்கவசம் கிடையாது. கையுறை நான்கு அவுன்ஸ்தான், அதாவது சுமார் 113 கிராம். பிடி போட வேண்டும் என்பதால் விரல்கள் திறந்தே இருக்கும்.

ஐந்தாவது சண்டையில் ஒரு பையன் தாடையில் குத்து வாங்கிக் கால் மடிந்து விழுந்தான். அடித்தவன் அடுத்த குத்துக்குக் கை ஓங்குவதற்குள் நடுவர் பாய்ந்து, விழுந்தவன் மேல் தன் உடம்பைப் போட்டு மறைத்தார். கூட்டம் சத்தம் போட்டது. அவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அந்த நடுவர் வருவார் என்றால் அடுத்த முறையும் 500 ரூபாய் கொடுப்பேன்.

இனி என் மனக்குறை. எங்கள் பெண் இறங்கியது 52.2 கிலோ எடைப் பிரிவில். 2024 ஜூனில் அமெரிக்காவின் லூயிவில் நகரத்தில், எம்.எம்.ஏ.வின் பெரிய அமைப்பான யூஎஃப்சி நடத்திய போட்டியில் பூஜா தோமர் வென்றாரே, அதே எடை. அந்த அமைப்பில் வென்ற முதல் இந்தியப் பெண் அவர். அவர் வூஷு என்ற சீனத் தற்காப்புக் கலையிலிருந்து வந்தவர். எங்கள் பெண் கபடியிலிருந்து வந்தவள். அது முதல் நிமிடத்திலேயே தெரிந்தது. எதிராளியின் குத்து தலைக்கு மேல் போகும்படி குனிந்து, இரண்டு தொடைகளையும் சேர்த்து அள்ளினாள். பாடி வருகிறவரை மடக்கிப் போட நான் சொல்லிக்கொடுத்த தொடைப் பிடி. கபடியில் அதோடு அந்த ஆள் அவுட். கூண்டில் அங்கேதான் வேலை தொடங்குகிறது. கீழே விழுந்தவள் கால்களால் இவள் இடுப்பைக் கவ்விக்கொண்டாள். அந்தப் பிணைப்பிலிருந்து இவள் முழங்காலை அங்குலம் அங்குலமாக உருவ வேண்டும். அவசரப்பட்டுக் கையை நீட்டினால் எதிராளி அதைப் பிடித்து முறுக்க, முழங்கையில் பூட்டு விழும். இரண்டு நிமிடம் பொறுமையாக உருவிக்கொண்டிருந்தாள்.

மண்டபம் முழுக்கக் கேலி விசில். "எழுந்து அடி, எழுந்து அடி" என்று கத்தினார்கள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. ஆனால் கத்தியவர்களை மட்டும் குறை சொல்ல மாட்டேன். அறிவிப்பாளர் பெயரையும் எடையையும் ஆங்கிலத்தில் அறிவித்ததோடு சரி. உள்ளே என்ன நடக்கிறது என்று தமிழில் சொல்ல ஒருவர் இல்லை. பின்வரிசை 200 ரூபாய் நாற்காலிகளில் இருந்தவர்களுக்குத் தரை தெரியவே இல்லை. எல்லாம் ஒரே மட்டத்தில் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், பெரிய திரையும் வைக்கவில்லை. கண்ணுக்குத் தெரியாததை எப்படி ரசிப்பார்கள்? சோழன் போரவைக்கோப் பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனைக் கீழே தள்ளி, ஒரு காலை அவன் மார்பிலும் மறு காலை முதுகுப்பக்கமும் வைத்து அழுத்தியதைச் சாத்தந்தையார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். நம் சோழ நாட்டு இளவரசன் போட்ட தரைப் பிடி அது. அதே மண்ணில் தரைப் பிடிக்கு விசில் அடித்தார்கள்.

மூன்று சுற்று, சுற்றுக்கு ஐந்து நிமிடம். முதல் சுற்று இவளுக்கு. அடுத்த இரண்டிலும் கை தளர்ந்து இறங்கிவிட்டது, முகத்தில் வாங்கினாள். மூன்று மதிப்பெண் நடுவர்களில் இருவர் எதிராளிக்குக் கொடுத்தார்கள். என் கணக்கும் அதுதான். தீர்ப்பில் குறையில்லை.

பக்கத்தில் திருவையாற்றிலிருந்து வந்த பெரியவர் ஒருவர், பேரனோடு. "படுத்துக்கொண்டே இருக்கிறார்களே, இது என்ன சண்டை?" என்று என்னைக் கேட்டார். "ஐயா, கையைப் பார்க்காதீர்கள், இடுப்பைப் பாருங்கள். யார் இடுப்பு மேலே இருக்கிறது, யார் நகர்த்துகிறார்கள் என்று பாருங்கள்" என்றேன். ஆறாவது சண்டையில் ஒருவன் பின்னாலிருந்து கழுத்தைச் சுற்றிக் கை போட்டபோது, அது மூச்சுக்குழாயை நெரிப்பதில்லை, கழுத்தின் இரு பக்கமும் மூளைக்கு ரத்தம் போகும் குழாய்களை அழுத்துவது, பத்து விநாடிக்குள் நினைவு போய்விடும், அதனால்தான் தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டிவிடுகிறார்கள் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் கீழே இருந்தவன் மூன்று முறை தட்டினான். பேரன் நாற்காலி மேல் ஏறி நின்றுவிட்டான். முன்வரிசை இளைஞர்களும் திரும்பி, "டீச்சர், இப்போது என்ன?" என்று கேட்க ஆரம்பித்தார்கள்.

டீ நன்றாக இருந்தது. பெண்களுக்கு ஒரே ஒரு கழிப்பறை, போதாது. முடிய மணி 10.45 ஆகிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள் யோசித்து வரவும்.

கடைசிச் சண்டை ஐந்து சுற்று. நான்காவதில் இருவரும் கம்பிவலை ஓரமாகத் தரைக்குப் போனார்கள். பின்னாலிருந்து பழைய விசில் கிளம்பியது. எங்கள் வரிசையில் யாரும் விசிலடிக்கவில்லை. திருவையாற்றுப் பெரியவர் எழுந்து நின்று, தொண்டை கிழிய, "இடுப்பை எடு தம்பி, இடுப்பை எடு!" என்று கத்தினார்.