கஸ்பேகியா, ஸ்வனேத்தியா? ஜார்ஜியாவின் இரண்டு மலைநாடுகள்

ஜார்ஜியாவுக்கு டிக்கெட் எடுத்தவர்கள் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி, "மலைக்கு எந்தப் பக்கம் போவது?" என்பதுதான். தலைநகர் திபிலீசிக்கு நேர் வடக்கே கஸ்பேகி. நாட்டின் வடமேற்கு மூலையில் ஸ்வனேத்தி. இரண்டும் பெருங்காகசஸ் தொடரில் இருக்கின்றன. இரண்டிலும் ஐயாயிரம் மீட்டரைத் தாண்டிய சிகரங்கள் உண்டு. எனக்கு நெருக்கமானது ஸ்வனேத்தி. ஆனாலும் கேட்பவர்களில் பாதிப் பேரைக் கஸ்பேகிக்குத்தான் அனுப்புகிறேன். காரணம், அவர்கள் கையில் இருக்கும் நாள் கணக்கு.

திபிலீசியின் திதுபே பஸ் நிலையத்தில் மர்ஷ்ரூத்கா என்ற மினிபஸ்ஸில் ஏறினால் சுமார் மூன்று மணி நேரத்தில் கஸ்பேகி. ஊரின் இன்றைய பெயர் ஸ்தெபான்ட்ஸ்மிண்டா. பழைய பெயர்தான் எல்லார் வாயிலும் நிற்கிறது. ரஷ்யாவுக்குப் போகும் பழைய ராணுவச் சாலை இது. ஏரிக்கரையில் அனனூரி கோட்டை, பிறகு 2,379 மீட்டர் உயரத்தில் ஜ்வாரி கணவாய் என்று வழி முழுக்கப் பார்க்க ஏதாவது இருக்கிறது. எல்லையை நோக்கி ஊரும் லாரிகளின் வரிசையும் கூடவே வரும்.

ஸ்வனேத்திக்கு இந்தச் சௌகரியம் கிடையாது. ரயிலில் ஐந்தாறு மணி நேரம் போய் சுக்தீதியில் இறங்கி, அங்கிருந்து எங்குரி ஆற்றை ஒட்டி இன்னொரு மூன்று மணி நேரம் ஏறினால் ஸ்வனேத்தியின் முக்கிய ஊரான மெஸ்தியா வரும். வழியில் 271.5 மீட்டர் உயரமுள்ள எங்குரி அணை. மெஸ்தியாவுக்குச் சிறு விமானமும் உண்டு. மலையில் மேகம் இறங்கினால் பறக்காது. நான் ஒரு காலைப் பொழுது முழுவதும் காத்திருந்துவிட்டு ரயிலுக்கு ஓடியிருக்கிறேன். ஆகவே விமானத்தை நம்பித் திட்டம் போடாதீர்கள். போக ஒரு நாள், வர ஒரு நாள் என்று ஒதுக்கிவிடுங்கள்.

மலைக்காட்சி மட்டும் போதும் என்றால் கஸ்பேகிக்கு ஈடில்லை. சுமார் 2,170 மீட்டர் உயரத்தில், ஒரு குன்றின் விளிம்பில் 14-ஆம் நூற்றாண்டின் கெர்கெத்தி தேவாலயம். அதன் பின்னால் 5,000 மீட்டருக்கு மேல் எழும் கஸ்பெக் சிகரம். விடியற்காலையில் ஊர் இருளில் கிடக்கும்போது சிகரத்தின் உச்சியில் மட்டும் வெயில் விழும். அது கீழே இறங்கி இறங்கித் தேவாலயத்தைத் தொடும் அந்த அரை மணி நேரத்துக்காகவே அங்கே ஓர் இரவு தங்க வேண்டும். திபிலீசியிலிருந்து காலையில் போய் மாலையில் திரும்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் நண்பகல் மேகம்தான் வாய்க்கிறது. இப்போது கோயில் வாசல் வரை சாலை இருக்கிறது. நீங்கள் நடந்தே ஏறுங்கள். ஒன்றரை மணி நேரம்தான்.

இந்தத் தேவாலயத்துக்கு ஒரு கதை உண்டு. படையெடுப்புக் காலங்களில் பழைய தலைநகரான மிட்ஸ்கேத்தாவின் புனிதப் பொருள்களை, ஜார்ஜியாவுக்குக் கிறிஸ்தவத்தைக் கொண்டுவந்த புனித நீனோவின் சிலுவை உட்பட, இங்கே கொண்டுவந்து ஒளித்து வைத்தார்கள். ஸ்வனேத்திக்கும் அதே வேலை இருந்தது. சமவெளிக் கோயில்களின் செல்வங்கள் அந்த மலை இடுக்குகளுக்குத்தான் ஏறின. இரண்டு ஊர்களுக்கும் உள்ள வேறுபாடு எனக்குப் புரிந்தது இங்கேதான். நீனோவின் சிலுவை இன்று திபிலீசியின் சியோனி பேராலயத்தில் இருக்கிறது. ஸ்வனேத்தியிலோ பல செல்வங்கள் மலையிலேயே தங்கிவிட்டன. மெஸ்தியா மியூசியத்தில் 897-ஆம் ஆண்டு எழுதப்பட்ட அதீஷி நற்செய்திச் சுவடியைப் பார்க்கலாம். அதீஷி, அங்கிருந்து நடந்தே போய்விடக்கூடிய ஒரு சிற்றூர்.

அங்கே பழமை என்பது மியூசியத்தோடு முடிவதில்லை. வீட்டுக்கு ஒன்றாகக் கல் கோபுரங்கள், பெரும்பாலானவை 9 முதல் 12-ஆம் நூற்றாண்டுக்குள் எழுந்தவை. பகையாளி வந்தால் குடும்பமே உள்ளே ஏறிக்கொள்ளும். ஒவ்வொரு தளமாக ஏறி, ஏணியை மேலே இழுத்துக்கொள்வார்கள். ஒட்டியிருக்கும் பழைய வீட்டில் ஒரே பெரிய அறை. நடுவில் அடுப்பு, சுவரோரம் செதுக்கிய மரத் தடுப்புக்குப் பின்னால் மாடுகள், அவற்றுக்கு மேலே பரணில் மனிதர்கள் உறங்கும் இடம். மாட்டின் மூச்சுச் சூட்டில் பனிக்காலத்தைக் கழித்திருக்கிறார்கள். அந்த மரத்தைத் தொட்டுப் பார்த்தேன். மாடுகள் கழுத்தை உரசி உரசி விளிம்பெல்லாம் வழவழத்திருந்தது.

மொழியும் வேறு. ஸ்வனேத்தி மக்களின் ஸ்வான் மொழியும் ஜார்ஜிய மொழியும் ஒரே குடும்பம் என்றாலும், தமிழும் துளுவும் போலப் பிரிந்தவை. திபிலீசிக்காரருக்கு அது புரியாது. பேசுவோர் குறைந்துவருகிறார்கள் என்பது மனத்தை வருத்துகிறது.

சாப்பாட்டில் கஸ்பேகிச் சாலைக்குக் கின்காலி. வழியிலுள்ள பசனவுரி இதற்குப் பேர்போனது. மோதகம் போல உச்சியில் முடிச்சிட்ட, உள்ளே கறியும் சாறும் நிறைந்த கொழுக்கட்டை. முடிச்சைப் பிடித்துத் தூக்கி, ஓரத்தில் சிறிது கடித்து, முதலில் சாற்றை உறிஞ்ச வேண்டும். ஸ்வனேத்தியில் கறி பொதிந்த குப்தாரி ரொட்டி. சைவர்களுக்கு அங்கே தஷ்மிஜாபி இருக்கிறது: மசித்த உருளைக்கிழங்கில் பாலாடைக்கட்டியை உருக்கிக் கிளறியது, கரண்டியைத் தூக்கினால் நூல் நூலாக இழுபடும். பூண்டு, கொத்தமல்லி விதை, வெந்தயத்தின் இனத்துப் பயிர் ஒன்று, மிளகாய் எல்லாம் சேர்த்து இடித்த ஸ்வான் உப்பை மறக்காமல் வாங்கிவாருங்கள். பொட்டலத்தைப் பிரித்தால் நம் வீட்டுப் பொடி டப்பாவின் வாசனை.

நடைப்பயணத்தில் கஸ்பேகிப் பக்கம் ஜூதா, த்ரூசோ பள்ளத்தாக்குகள் ஒரு நாளில் முடியும். ஸ்வனேத்தியில் மெஸ்தியாவிலிருந்து உஷ்குலி வரை நான்கு நாள், இரவில் ஊர்வீடுகளில் தங்கல்.

மலைக்கு மூன்று நாள்தான் என்றால் கஸ்பேகிக்குப் போய் இரண்டு இரவு தங்குங்கள். ஐந்து நாளாவது இருந்தால் தயங்காமல் ஸ்வனேத்தி. ஜூன் கடைசி முதல் செப்டம்பர் வரை நல்ல காலம். போனால் ஓர் இரவையாவது உஷ்குலிக்குக் கொடுங்கள். சுமார் 2,100 மீட்டர் உயரத்தில், நாட்டின் மிக உயர்ந்த சிகரமான ஷ்காராவின் அடியில் இருக்கிறது அந்த ஊர். 1996-இல் மேல் ஸ்வனேத்தி யுனெஸ்கோ பட்டியலில் இடம்பெற்றது. ஒரு நாள் பயணிகளின் வண்டிகள் மாலைக்குள் இறங்கிவிடும். அதன்பின் கோபுரங்களுக்கு நடுவே, சேற்றுச் சந்துகளில், மாடுகள் தாமாகவே வீடு திரும்பும்.